நாக்கு எங்கே நிற்கிறது

ஒலியியல் பாடநூலில் உயிரொலிகளுக்கான இயலைத் திறந்தவுடன் கண்ணில் படுவது ஒரு நாற்கரம். மேல்விளிம்பு அகன்று, கீழ்விளிம்பு குறுகி, இடப்பக்கக் கோடு உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும் அந்த உருவத்தின் இடது மேல்மூலையில் ஈகாரமும், வலது மேல்மூலையில் ஊகாரமும், அடிவிளிம்பில் ஆகாரமும் அமர்ந்திருக்க, ஏனைய உயிர்கள் விளிம்புகளை ஒட்டியும் நடுவிலும் புள்ளிகளாக இடப்பட்டிருக்கும். இடப்பக்கம் உதட்டுப் பக்கம், வலப்பக்கம் தொண்டைப் பக்கம், மேல்விளிம்பு அண்ணத்தை நெருங்கிய நாக்கு, கீழ்விளிம்பு தாடையோடு தாழ்ந்த நாக்கு என்றும், ஒவ்வொரு புள்ளியும் அந்தந்த உயிரை ஒலிக்கையில் நாவின் மிக உயர்ந்த பகுதி நிற்கும் இடம் என்றும் நூல் விளக்கும். முன்னுயிர், பின்னுயிர், மேலுயிர், இடையுயிர், கீழுயிர் என்ற பெயர்களெல்லாம் இந்த விளக்கத்தின் வழி வந்தவை. உதடு குவிகிறதா விரிகிறதா என்பதையும் சேர்த்துக்கொண்டால் உலக மொழிகளின் உயிர்களை மூன்றே கேள்விகளில் வகைப்படுத்திவிடலாம் என்று மாணவர் நம்பத் தொடங்குவார். நெருடல் எழுவதும் இங்கேதான். தகரத்தைச் சொல்லும்போது நாநுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொடுவதையும், டகரத்தைச் சொல்லும்போது அது மேல்நோக்கி வளைந்து அண்ணத்தில் ஒட்டி விலகுவதையும் கண்ணாடி இல்லாமலே எவரும் உணரலாம். இகரத்திலிருந்து எகரத்துக்கு வரும்போது நாக்கு எவ்வளவு இறங்கியது என்று கேட்டால், மாறி மாறிச் சொல்லிப் பார்த்தவரும் தாடை சற்றுத் தாழ்ந்ததைச் சொல்வாரேயன்றி, நாவின் உச்சி எங்கே நின்றது என்பதைச் சொல்லமாட்டார். எதையும் தொட்டு நிற்காத ஒரு தசைத்திரளுக்கு இத்தனை துல்லியமாக இடம் குறித்தவர் யார், எதைப் பார்த்துக் குறித்தார் என்ற ஐயம், பாடநூலை மூடிய பிறகும் தீர்வதில்லை.

மெய்யொலிகளை வகைப்படுத்துவது எளிது. அவற்றில் காற்றின் வழி எங்கோ அடைபடுகிறது அல்லது உராயுமளவுக்கு இடுங்குகிறது, அந்த இடத்தின் பெயரையே ஒலிக்கும் சூட்டிவிடலாம். உயிரொலி என்பதற்கு ஒலியியல் தரும் வரையறையே, காற்று நடுவழியில் தடையின்றி வெளியேறும் ஒலி என்பதாகும். தடையில்லாத ஒன்றுக்குத் தடைபட்ட இடத்தைக் கேட்பது பொருந்தாது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இந்தச் சிக்கலைத் தன் போக்கில் எதிர்கொண்டிருக்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்று பொதுவாகச் சொன்னபின், பன்னிரண்டு உயிருக்கும் மிடற்றுக் காற்றையே பிறப்பிடமாக வைத்து, அவற்றை மூன்று முயற்சிகளாகப் பிரிக்கிறது: அகர ஆகாரத்துக்கு வாயைத் திறத்தலாகிய அங்காத்தல், இ, ஈ, எ, ஏ, ஐ ஆகிய ஐந்துக்கும் அதனோடு மேற்பல்லை நாவின் விளிம்பு உறுதல், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்துக்கும் இதழ் குவிதல். நாவின் விளிம்பு பல்லை உறும் என்பது முதலில் கேட்போருக்குப் பிழைபோலத் தோன்றலாம், உயிரொலியில் நாக்கு எங்கே தொடுகிறது என்று கேட்கத் தோன்றும். ஈகாரத்தை நீட்டிச் சொல்லி, அந்த நிலையை மாற்றாமல் கவனித்தால், நாவின் இரு பக்க விளிம்புகளும் மேல்வாய்க் கடைவாய்ப் பற்களை அழுத்திக்கொண்டிருப்பதும், நடுவில் மட்டும் காற்றுக்கு ஓர் ஓடை விடப்பட்டிருப்பதும் தெரியவரும். அண்ணத்தில் கரித்தூளைக் குழைத்துப் பூசி, ஒலித்தபின் எங்கே அழிந்திருக்கிறது என்று பார்க்கும் அண்ணத்தடவியல் முறையிலும் ஈகாரத்துக்கு இரு ஓரங்களில்தான் பூச்சு அழிகிறது. ஏகாரத்துக்கு அழியும் பரப்பு இன்னும் குறைவு. சூத்திரம் செய்தவர் தம் வாயைக் கவனித்திருக்கிறார். ஆனால் ஓர் இனத்துக்குள் இகரமும் எகரமும் எப்படி வேறுபடுகின்றன என்ற இடத்தில், தத்தமக்குள்ள வேறுபாடுகள் சிறியவை என்று சொல்லி அவர் நின்றுவிடுகிறார். நவீன ஒலியியல் அனைத்தும் அங்கே அடங்கியிருப்பதாக மேடையில் முழங்குவோர் இந்த நிறுத்தத்தைக் கவனிப்பதில்லை. பிறப்பியலின் நேர்மை இருப்பது, தொட்டுணர முடிந்ததைச் சொல்லி மற்றதைச் சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்.

தொட்டுணர முடியாததைக் காதால் அணுகிய மரபு ஒன்று ஐரோப்பாவில் தனியாக வளர்ந்தது. இளைஞராயிருந்த ஐசக் நியூட்டன் தம் குறிப்பேட்டில், ஆழமான குடுவையில் பியரையோ நீரையோ ஒரே சீராக ஊற்றும்போது எழும் ஓசை உகரத்தில் தொடங்கி ஓகாரம், ஆகாரம், ஏகாரம் வழியாக ஈகாரத்தில் முடிவதாக எழுதிவைத்திருக்கிறார். குழாயடியில் குடம் நிறையும் ஓசையைத் தொலைவிலிருந்து கேட்டே நிறைந்துவிட்டதா என்று சொல்லக்கூடியவர்களுக்கு இது விளக்கம் தேவைப்படாத செய்தி. நீர் ஏற ஏறக் குடத்தின் காற்றறை சுருங்குகிறது, சுருங்கிய அறை உயர்ந்த ஒலிகளை வலுப்படுத்துகிறது. வாயில் நடப்பதும் இதே இயற்பியல்தான். குரல்வளையில் இரு தசைமடல்கள் ஆணுக்கு நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும் பெண்ணுக்கு ஏறத்தாழ 200 முறையும் அதிர்ந்து, பல அதிர்வெண்கள் கலந்த கரகரப்பான ஓசை ஒன்றை எழுப்புகின்றன. தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் அதில் சிலவற்றை வலுப்படுத்தி மற்றவற்றை அடக்குகிறது. ஏறத்தாழ 17.5 சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய, எங்கும் ஒரே அகலமுள்ள குழாய் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்ற இடங்களில் ஒத்ததிரும் என்பது பள்ளிக் கணக்கு. நாக்கு எழுந்தும் பின்வாங்கியும் உதடு குவிந்தும் அந்தக் குழாயின் வடிவத்தை மாற்றும்போது இந்த எண்கள் இடம்பெயர்கின்றன. இவ்வாறு வலுப்பெறும் பட்டைகளுக்குத்தான் ஃபார்மன்ட் என்று பெயர். மூலமும் வடிகட்டியும் என்ற இந்தக் கோட்பாட்டை 1941இல் ஜப்பானின் சிபாவும் கஜியாமாவும் உயிரொலிக்காகவே எழுதிய நூலில் விரித்தனர்; 1960இல் ஸ்வீடனின் குன்னர் ஃபாண்ட் அதற்கு முழுக் கணித வடிவம் தந்தார். கருவி இல்லாமலும் இதைக் கேட்கலாம். குரலை நிறுத்தி ஈ, ஏ, ஆ, ஓ, ஊ என்று வெறும் கிசுகிசுப்பில் சொன்னால் சீறலின் சுருதி படிப்படியாக இறங்கும். காதில் விழுவது இரண்டாம் ஃபார்மன்ட். மூச்சை அடக்கி, வாயை மட்டும் அதே வரிசையில் அமைத்துக்கொண்டு தொண்டையின் பக்கவாட்டில் விரலால் சுண்டினால், மந்தமான தட்டோசை ஆகாரம் வரை ஏறிப் பிறகு இறங்கும். அது முதல் ஃபார்மன்ட். கிசுகிசுப்பில் குரலே இல்லாதபோதும் உயிர்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை என்பதால், உயிரின் அடையாளம் குரலில் இல்லை, குழாயின் வடிவத்தில்தான் இருக்கிறது என்பது தெளிவு.

நாற்கரம் இந்த மரபிலிருந்து வரவில்லை என்பதுதான் வியப்பு. 1781இல் ஹெல்வாக் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஆகாரத்தை அடியிலும் ஈகார ஊகாரங்களை இரு முனைகளிலும் வைத்து முக்கோணம் அமைத்திருந்தார். தொலைபேசியோடு பெயர் இணைந்த கிரகாம் பெல்லின் தந்தை மெல்வில் பெல் 1867இல் வெளியிட்ட நூலில், உயிர்களை நாக்கின் உயரத்தாலும் முன்பின் இருப்பாலும் வகுக்கும் கட்டம் உறுதிப்பட்டது. அந்தக் கட்டத்தை லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் டேனியல் ஜோன்ஸ் எடுத்து, எந்த ஒரு மொழிக்கும் உரியவையல்லாத எட்டு அடிப்படை உயிரொலிகளை நிலைநிறுத்தினார். நில அளவைக்காரர் எல்லைக்கல் நட்டு அவற்றிலிருந்து மற்ற புள்ளிகளை அளப்பதைப்போல, எந்த மொழியின் உயிரையும் இந்த எட்டிலிருந்து எவ்வளவு தள்ளி ஒலிக்கிறது என்று சொல்லிக் குறிக்கலாம் என்பது அவருடைய திட்டம். எட்டும் ஒரே விதமாக நடப்பட்டவையல்ல. முதல் உயிராகிய ஈகாரத்துக்கு, நாக்கு இயன்ற அளவு முன்னும் மேலும் செல்ல வேண்டும், இன்னும் சற்று எழுந்தால் உராய்வொலி வந்துவிடும். ஐந்தாம் உயிராகிய ஆகாரத்துக்கு நாக்கு இயன்ற அளவு தாழ்ந்து பின்செல்ல வேண்டும். இவ்விரண்டும் நாவின் எல்லைகள். இடைப்பட்ட மூன்றும் காதுக்குச் சம இடைவெளியில் அமைய வேண்டும் என்றும், அதே இடைவெளியில் தொடர்ந்து போனால் பின்வரிசையின் மற்ற மூன்றும் கிட்டும் என்றும் ஜோன்ஸ் விதித்தார். இரண்டு கற்கள் வாயிலும் ஆறு கற்கள் காதிலும் நடப்பட்டு, எட்டையும் இணைத்த கோடு மட்டும் வாயின் படமாக வரையப்பட்டது. நான்கு மூலை உயிர்களுக்கு, நாவின் மீது மெல்லிய உலோகச் சங்கிலியைக் கிடத்தி 1917இல் எடுத்த எக்ஸ்ரே படங்கள் அதற்குச் சான்றாக நின்றன. சங்கிலி வெண்கோடாகத் தெரிந்த அந்தப் படங்களின் கவர்ச்சி பெரிது. மூலைகள் எலும்போடு சேர்த்துக் காட்டப்பட்டுவிட்டதால், நடுப்புள்ளிகளும் அங்கேயே இருக்கும் என்று எண்ணுவது எளிதாயிற்று.

எக்ஸ்ரேயே பிறகு அந்த எண்ணத்துக்கு எதிராகத் திரும்பியது. அமெரிக்காவின் ஆஸ்கர் ரசல் 1928இல் வெளியிட்ட நூலில், ஏராளமான படங்களை அடுக்கிப் பார்த்தபின், கட்டம் சொல்லும் வரிசையில் நாக்கு உயர்வதும் தாழ்வதும் இல்லை என்று காட்டினார். பின்னுயிர்களில் நாவின் உச்சி எது என்று குறிப்பதே ஐயத்துக்குரியதாக இருந்தது. காதால் கேட்டதை உணர்ந்துகொண்டு அதற்கு உடலின் மொழியில் கற்பனையாகப் பெயர் சூட்டுகிறார்கள் என்பது அவர் ஒலியியலாளர்கள்மீது வைத்த குற்றச்சாட்டு. 1970களில் சிட்னி வுட் பல மொழிகளின் எக்ஸ்ரே படங்களை மீண்டும் ஆராய்ந்து, நாவின் உயர்ந்த புள்ளியைத் தேடுவதை விட்டுவிட்டுக் குழாய் எங்கே மிகக் குறுகுகிறது என்று பார்த்தார். வன்னண்ணம், மென்னண்ணம், தொண்டையின் மேற்பகுதி, தொண்டையின் கீழ்ப்பகுதி என நான்கே இடங்கள் கிடைத்தன. ஆகாரத்தில் நாக்கு எதையும் செய்யாமல் படுத்திருப்பதாகக் கட்டம் கூறும். உண்மையில் அது பின்வாங்கித் தொண்டையின் கீழறையை நெருக்கிக்கொண்டிருக்கிறது, வாய்க்குள் மட்டும் பார்ப்பவருக்கு அந்த வேலை தெரிவதில்லை. இத்தனைக்குப் பிறகும் நாற்கரம் ஏன் பயன்படுகிறது என்ற கேள்விக்கு விடை, எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1940களில் ஒலிநிழல் வரைவி என்ற கருவி பரவி, ஃபார்மன்ட்களை அளந்து தாளில் குறிக்க முடிந்தபோது, முதல் ஃபார்மன்டை மேலிருந்து கீழாகவும் இரண்டாவதை வலமிருந்து இடமாகவும் ஏறுமாறு வைத்தால், அச்சு அசலாக இல்லாவிட்டாலும் அதே நாற்கரம் தாளில் எழுந்தது. ஈகாரம் 270, 2290 ஹெர்ட்ஸ் என்று இடது மேல்மூலைக்கும், ஊகாரம் 300, 870 என்று வலது மேல்மூலைக்கும், ஆகாரம் 730, 1090 என்று அடிக்கும் போய் அமர்ந்தன. இவை அமெரிக்க ஆண்களின் சராசரிகள். வாயின் வரைபடம் என்று தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்டது செவியின் வரைபடமாக இருந்திருக்கிறது. உயரம் என்று சொல்லப்பட்டது முதல் ஃபார்மன்டின் தாழ்வு, முன்மை என்று சொல்லப்பட்டது இரண்டாவதன் உயர்வு. தலைப்பு தவறானது, படம் சரியானது.

நாக்குக்குத் தன் இடம் தெரியாமலிருப்பதில் குறையொன்றும் இல்லை என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. லிண்ட்ப்லம், லூப்கர், கே ஆகிய மூவர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவோரின் பற்களுக்கிடையில் கட்டை வைத்துத் தாடையை இயல்புக்கு மீறித் திறந்து நிறுத்தி, தாடை மூடியிருக்க வேண்டிய ஈகாரத்தைச் சொல்லச் சொன்னார்கள். தாடை ஒத்துழைக்காதபோது நாக்கு வழக்கத்தைவிட மிக அதிகமாக எழும்பி ஈடுசெய்தது. தடுமாறிப் பழகிய பின்பு என்றில்லாமல், குரல்மடலின் முதல் அதிர்விலேயே ஒலி சரியாக இருந்தது. ஆய்வுக்கூடம் வேண்டாதவர்கள் வெற்றிலைக் குதப்பலோடு பேசுபவரைக் கவனிக்கலாம். சாறு சிந்தாமலிருக்கத் தலையை அண்ணாந்து, உதட்டைக் குவித்து, கன்னத்தில் ஒரு திரளை ஒதுக்கிவைத்துக்கொண்டு அவர் சொல்வதில் மெய்கள் பாதி சிதைந்திருக்கும். உயிர்கள் பெரும்பாலும் தப்பித்திருக்கும், கேட்பவர் அவற்றைப் பிடித்துக்கொண்டே மற்றதை ஊகிக்கிறார். பேசுபவர் நாக்கை ஓரிடத்துக்கு அனுப்புவதில்லை. ஓர் ஒலிக்கு அனுப்புகிறார், வழியை நாக்கு பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் உயிரொலியின் உண்மையான இருப்பிடம் ஹெர்ட்ஸ் எண்களில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடலாமா என்றால், அந்தத் தரையும் உறுதியாக இல்லை. 1952இல் பீட்டர்சனும் பார்னியும் 33 ஆண்கள், 28 பெண்கள், 15 குழந்தைகள் சொன்ன பத்து ஆங்கில உயிர்களை அளந்தபோது, ஒருவரின் ஓர் உயிர் நின்ற இடத்திலேயே மற்றொருவரின் வேறோர் உயிர் நின்றது. குழந்தையின் குழாய் குட்டையானது, அதன் ஃபார்மன்ட்கள் எல்லாமே மேலே இருக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் குழந்தை சொன்ன ஓர் உயிரை ஆண் சொன்ன இன்னோர் உயிரிலிருந்து பிரிக்க முடிவதில்லை, ஆனால் தாய் ஒருபோதும் குழம்புவதில்லை. 1957இல் லேடஃபோகெடும் பிராட்பென்டும் இயந்திரத்தால் உண்டாக்கிய ஒரு சொல்லை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் வரும் வாக்கியத்தின் ஃபார்மன்ட்களை மட்டும் ஏற்றி இறக்கினார்கள். ‘பிட்’ என்று கேட்ட அதே சொல் ‘பெட்’ என்று கேட்டது. இகரமும் எகரமும், தொல்காப்பியர் சிறிய வேறுபாடு என்று விட்டுச்சென்ற அதே இணை, சொல்லுக்கு வெளியே, பேசியவர் யார் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. லேடஃபோகெட் பிறிதோர் ஆய்வில் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியின் உயிர்களைப் பதினெட்டு ஒலியியலாளர்களிடம் கொடுத்து நாற்கரத்தில் குறிக்கச் சொன்னபோது, ஜோன்ஸின் வழியில் பயின்றவர்களின் புள்ளிகளே ஒன்றையொன்று நெருங்கி விழுந்தன. அவர்களுடைய நாக்குகள் ஒத்திருந்தன என்பது இதற்குப் பொருளாகாது. ஒரே குரலைக் கேட்டுப் பழகிய காதுகள் ஒத்திருந்தன.

தமிழின் உயிர்களை இந்தப் பின்புலத்தில் வைத்துப் பார்க்கும்போது சங்கடம் கூடுகிறது. அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்தும் அவற்றின் நெடில்களும் நாற்கரத்தில் அழகாக உட்கார்ந்துவிடும். குறிலும் நெடிலும் மாத்திரையில் மட்டும் வேறுபடுவதாக இலக்கணம் சொன்னாலும், பேச்சில் குறில்கள் சற்று நடுப்பக்கம் ஒதுங்கி ஒலிப்பதைக் காது கண்டுகொள்ளும். ‘பந்து’, ‘பாட்டு’ என்பவற்றின் கடைசியில் வரும் குற்றியலுகரம் அப்படி உட்கார மறுக்கிறது. இலக்கணம் அதை அரை மாத்திரையாகக் குறைந்த உகரம் என்று கால அளவால் வரையறுக்கிறது. கேட்பவருக்கு அளவைவிட முன்னதாகத் தெரிவது உதடு குவியாமைதான். இதழ் குவிதலே உகரத்தின் பிறப்பு என்றால், குவியாத இந்த ஒலி எந்த இனத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி வரும். பிறப்பியல் குற்றியலுகரம் உள்ளிட்ட சார்பெழுத்து மூன்றையும் தாம் சார்ந்த எழுத்தின் பிறப்போடு சேர்பவை என்று தனியே ஒதுக்கிவைத்திருப்பது, இந்தக் கேள்வியை முன்கூட்டி அறிந்தே செய்ததுபோல இருக்கிறது. உயிர் தனக்கென இடம் இல்லாமல், பக்கத்தில் நிற்கும் வல்லினத்தின் இடத்தில் ஒண்டிப் பிறக்கலாம் என்பது நாற்கரத்துக்குள் சொல்ல முடியாத செய்தி. பேச்சுத் தமிழில் இத்தகைய ஒண்டுதல் நிறைய. பெண் பொண்ணு ஆவதும், பிடி புடி ஆவதும், வீடு வூடு ஆவதும், முன்னால் ஓர் இதழொலியும் பின்னால் ஒரு வளைநா ஒலியும் சூழ்ந்த இடங்களில். இரு பக்கமும் நெருக்க, நடுவிலிருந்த முன்னுயிர் குவியுயிராகிவிடுகிறது. இடம் எடமாகவும் உடம்பு ஒடம்பாகவும் இறங்குவது, அடுத்த அசையின் அகரம் இழுப்பதால். மரம் என்ற சொல்லின் இறுதி மகரம் பேச்சில் கரைந்து, எஞ்சும் உயிர் மூக்கால் ஒலிக்கிறது. அதற்கு எழுத்தும் இல்லை, நாற்கரத்தில் இடமும் இல்லை, ஏனென்றால் அங்கே வேறுபாட்டை உண்டாக்குவது நாக்கு அல்ல, தாழ்ந்த மென்னண்ணம். ஜோன்ஸின் துறையிலிருந்தபோது 1934இல் தமிழ் உச்சரிப்புக்குச் சுருக்கமான நூல் எழுதிய ஜே. ஆர். ஃபர்த், பிற்காலத்தில் ஒலிகளைத் தனித்தனிப் புள்ளிகளாக வெட்டுவதைக் கைவிட்டு, குவிதல், அண்ணச்சார்பு போன்ற பண்புகள் அசை முழுவதும், சொல் முழுவதும் பரவுவதாகக் கொண்ட ஆய்வுமுறையை முன்வைத்தார். அந்த மாற்றத்தில் தமிழுக்குப் பங்கு உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், தமிழைக் காதால் கேட்ட ஒருவருக்குப் புள்ளிகள் போதாமல் போயிருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது.

அடிப்படை உயிர்களை எழுத்து வருணனையிலிருந்து கற்க முடியாது, அவற்றை அறிந்த ஆசிரியரின் வாயிலிருந்து கேட்டே கற்க வேண்டும் என்று ஜோன்ஸே வலியுறுத்தி வந்தார். தம் குரலில் அவற்றைப் பதிவுசெய்து இசைத்தட்டாகவும் வெளியிட்டார். வருணனை வேகமாகப் பரவியது, கேட்பது பின்தங்கிவிட்டது. பன்னாட்டு ஒலியியல் கழகத்தின் அட்டவணையில் இன்று அந்த நாற்கரத்துக்குள் 28 குறிகள் இருக்கின்றன. மேல், கீழ், முன், பின் என்ற சொற்களும் அப்படியே நிற்கின்றன. மேற்கு மாம்பலம் எதற்கு மேற்கே இருக்கிறது என்று தெரியாமலே அங்கே போய்வர முடிவதுபோல, பெயர்களாக மட்டும் கொண்டால் அவற்றால் தீங்கு எதுவும் இல்லை. மொழியியல் ஆசிரியர்கள் இனியும் பலகையில் நாற்கரத்தை வரையலாம், மாணவர்களைக் கிசுகிசுக்கச் சொல்லிச் சுருதி இறங்குவதைக் கேட்க வைத்த பிறகு வரைந்தால் இன்னும் நல்லது; அதை வாயின் குறுக்குவெட்டுப் படத்தின் மீது மட்டும் வரைய வேண்டாம்.